தலையணை உறையும் பிரேக் பேடும்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வாஷரோ கார் பெல்ட்டோ, நல்ல சாமான்தான் வாங்குவார். கடைக்காரர் எடுத்து வைத்ததை மோந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நல்ல கீல் கிடைக்கும் வரை எங்கள் குளியலறைக் கதவைப் பதினெட்டு நாள் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரிய, குளிக்கிறவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். எனக்குப் பாட்டு வராது. பிரார்த்தனை சொல்லிக் குளித்தேன்.

பிள்ளைகள் வெளியூர் போனபின் காருக்கு வேலை இல்லாமல் போனது. கடைத்தெருத் தையல்காரருக்கு விற்றோம்.

"உள்ள இருக்கிற ஒவ்வொரு நட்டும் ஒரிஜினல், தம்பி" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் இவர்.

நாலாம் நாள் பரணை ஒழித்தபோது, அந்தக் காருக்குக் கடைசியாக மாட்டிய பிரேக் பேடின் காலி டப்பா கிடைத்தது. மேலிருந்த முத்திரையை நகத்தால் சுரண்டினார். அசல் முத்திரை லேசில் உரியாது. இது வெங்காயத் தோல் மாதிரி வந்துவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டூப்ளிகேட்! என் கையாலயே மாட்டியிருக்கேன்!"

"போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா நாளைக்குத் தெருவுல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

நாலு கடை ஏறி இறங்கி அசல் பேட் வாங்கி வந்தார். கார் தையல் கடையின் பின்பக்கம் நின்றது. நான் முன்பக்கம் போய்த் தலையணை உறைக்கு அளவு கொடுக்க வேண்டும். அதற்குள் அவர் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். இதுதான் திட்டம்.

தையல்காரர் துணியை விரித்துக் காட்டினார். "சுத்தப் பருத்தி, அக்கா. கலப்படமே கிடையாது."

நான் ஓரம் வேண்டும், வேண்டாம் என்று அரைமணி நேரம் இழுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேட் பையிலேயே இருந்தது.

"ஃபேன் பெல்ட்டுல விரிசல் பாத்தேன். மனசு கேக்கல. அதை மாத்திட்டேன்."

மறுநாள் வைப்பர் ரப்பர். அதற்கு மறுநாள் ஸ்பார்க் பிளக். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு தலையணை உறை தைக்கக் கொடுத்தேன். வீட்டில் இருந்ததோ இரண்டே தலையணை. உறை பத்தாகிவிட்டது. படுத்தால் கன்னத்தில் சுருக்சுருக்கென்று குத்தும். பருத்தி இப்படிக் குத்துமா? நான் சொன்ன பொய்தான் குத்துகிறது என்று கடவுளிடம் மன்னிப்புக் கேட்பேன்.

"அக்கா, இந்தக் காருக்கு நாளுக்கு நாள் வயசு குறையுது" என்றார் தையல்காரர். "கிறீச்சுன்னு கத்தின வைப்பர் இப்ப வாயே திறக்கல. எனக்குப் பயமாயிருக்கு."

பதினொன்றாவது உறைக்குப் போன அன்று தையல்காரரே சந்தோஷமாகச் சொன்னார். "நாளைக்குக் குடும்பத்தோட மலைக்குப் போறோம், அக்கா. பிள்ளைங்க இப்பவே காருக்குள்ள இடத்துக்குச் சண்டை போடுதுங்க."

மலையென்றால் இறக்கமும் உண்டே. அந்த நேரம் பார்த்துப் பின்னால் 'டங்' என்று சத்தம். சக்கரத்து நட்டு அசையவில்லை போலிருக்கிறது.

"என்ன சத்தம்?"

பூனை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை. என்னிடம் இருந்த பொய் பத்து உறையோடு தீர்ந்துபோயிருந்தது.

"ஏங்க! வெளிய வாங்க!"

மூக்கில் கிரீஸோடு வந்து நின்றார். கையில் ஸ்பேனர் இருந்தது.

"தம்பி, பிரேக் பேட் டூப்ளிகேட். தெரியாம மாட்டினேன். தெரிஞ்சப்புறமும் சொல்லல. அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஒரிஜினல்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "இப்போ."

தையல்காரர் திட்டவில்லை. தன் கையிலிருந்த உறைத் துணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு வந்து, ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். இவரும் அழுத்தினார். நட்டு கழன்றது.

மலைக்குப் போனவர்கள் கடவுள் புண்ணியத்தில் பத்திரமாக வந்தார்கள். தெருவில் யாரும் இவர் பெயரை மாற்றவில்லை. தையல்காரர் மட்டும் "ஒரிஜினல் அண்ணே" என்று முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் தையல்காரர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?"

இவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அரைமணி நேரம் விளக்கினார். நடுவில் பின்கட்டில் கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால் திறந்திருந்த பின்கதவருகே ஒரு தையல் நூல் துண்டு கிடந்தது. அன்று படுத்தபோது என் தலையணை பூ மாதிரி இருந்தது. கன்னம் குத்தவில்லை.

மறுநாளும் வந்தாள். "அண்ணே, ஸ்பேர் டயருக்கு?"

நான் எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் நீக்கிவிட்டு வந்தேன்.

"உக்காரும்மா. டீ போடறேன். அவரு நிதானமாச் சொல்லட்டும்" என்றேன்.

உள்ளே இன்னும் ஒன்பது உறை பாக்கி இருந்தது.