அத்தை குடைந்த சுவர்

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேப் ஜன்னலில் சருகுப் புகை நுழைந்ததும் அத்தை ஞாபகம் வந்தது.

நாங்கள் இருளர். எலி பிடிக்க வளையில் புகை ஊதியபடியே அத்தை சொல்வாள்: "காட்டை விட்டுத் தொரத்துனாங்க. பண்ணைக்காரன் வேலைக்கு வெச்சான். ஓடிருவோம்னு பொழுது சாஞ்சா கொட்டாயில போட்டுப் பூட்டிருவான்."

"எப்படி அத்தை தப்பிச்சீங்க?"

"எலி தப்பிக்கப் பின்வளை தோண்டுனாலும் மேல்மண்ணை ஒடைக்காது. ஆபத்துன்னா முட்டிக்கிட்டு ஓடும். உங்கப்பனும் நானும் மண்சுவத்தை அப்படித்தான் கொடைஞ்சோம், வெளிப்பூச்சை மட்டும் விட்டு. பகல்ல பண்ணைக்காரன் அதுமேலயே சாஞ்சு வெத்தல போட்டான். எனக்கு உசுரே இல்ல! அன்னைக்கு ராத்திரியே ஒடைச்சு ஓடியாந்தோம்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

பிறகொரு மழைக்காலத்தில் அஞ்செட்டிப் பக்கம் சொந்தக் குடிசை கட்டி, அப்பா கதவு வைத்தார். அன்றிரவு தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் அத்தை எழுந்து, திறந்துகொண்டு போய் மழையில் நின்றாள். அப்பா கதவைக் கழற்றிய பிறகே உள்ளே வந்தாள்.