கைப்பிடியில் தொங்கிய வெள்ளைத் துணி

சேலத்தில் ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் கடந்து, ஏழேகாலுக்கு நாமக்கல்லில் இறங்கினேன். அங்கிருந்து ஒன்பது மணிப் பேருந்தில் சேந்தமங்கலம், பிறகு கொல்லிமலை என்பது திட்டம். ஆனால் நான்கு நாள் சுற்றியதில் என் பையிலிருந்த துணிகளைப் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளிக்காமல் பொறுத்துக்கொள்ளும் எல்லை தாண்டிவிட்டது. துவைக்க இடம் உண்டா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "லாரி நிக்கற எடத்துக்குப் பக்கத்துல மிசின் கடை இருக்குதுங்க. டிரைவருங்க எல்லாம் அங்கதான் தொவைப்பாங்க" என்றார். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

7.30. தகரக் கூரை, மூன்று துவைக்கும் இயந்திரங்கள், இரண்டு உலர்த்திகள், ஒரு நீள பெஞ்சு. ஒருமுறை துவைக்க எண்பது ரூபாய், உலர்த்த அறுபது. லாரிக்காரர்கள் வரும் இடம் என்றதும் நான் எதிர்பார்த்தது வேறு. வாசல் குழாயில் ஒருவர் தன் பேண்ட்டை உதறி, மண்ணெல்லாம் போகும்வரை அலசிக்கொண்டிருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசத்து வேலையிலிருந்து சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். "மண்ண மிசினுக்குள்ள கொண்டுபோனா அடுத்த ஆளு துணி என்னாவறதுங்க?" என்றார். உள்ளே யாரோ துவைத்து முடித்த துணியை வேறு யாரோ எடுத்து, உள்ளாடைகளை நடுவில் மறைத்து, மடித்துக் கூடையில் வைத்திருந்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

ஒவ்வொரு இயந்திரத்தின் கதவுக் கைப்பிடியிலும் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. முதல் இயந்திரத்தின் துணியை எடுத்து மேலே வைத்துவிட்டு, என் கறுப்பு, நீலச் சட்டைகளைப் போட்டேன். முந்தின நாள் சேலத்தில் வாங்கிய சிவப்புத் துண்டையும் கூடவே போட்டேன். "மொதத் தடவை தனியா நனைங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

8.05. துணிகளை உலர்த்திக்கு மாற்றினேன். கிளம்பும்போது, இயந்திரத்தின் மேல் கிடந்த வெள்ளைத் துணி கண்ணை உறுத்தியது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது நல்ல பழக்கம் அல்லவா? அழகாக மடித்துக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனேன்.

8.45. திரும்பி வந்தபோது என் துணிகள் மடிக்கப்பட்டுக் கூடையில் இருந்தன. முதல் இயந்திரத்தின் முன்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஈரச் சட்டையை இரு கைகளிலும் பிடித்தபடி நின்றார். லாரி ஓட்டுநர், பெயர் செல்வராஜு. அவர் உள்ளே போட்டது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் இருந்தது இளஞ்சிவப்பு.

"பதினோரு மணிக்குப் பொண்ணுக்கு நிச்சயமுங்க, சேந்தமங்கலத்துல" என்று அவர் பொதுவாகச் சொன்னார். "லோடு எறக்கிட்டு நேரா வாரேன். ஊடு தூரமுங்க, போயி வேற எடுக்க நேரமில்லீங்க."

கடையை நடத்தும் மல்லிகா ஓடிவந்தார். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். "துணி தொங்கவிட்டிருந்ததாங்கண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"தொடச்சு, வெள்ளையா வந்தாத்தான தொங்கவிடோணும்" என்று மல்லிகா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. துவைத்து முடித்தவர் அந்தத் துணியால் இயந்திரத்தின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும். சாயம் ஒட்டினால், வெறுமனே தண்ணீர் ஓட்டி, வெள்ளையாக வரும்வரை மறுபடி துடைக்க வேண்டும். அதன்பிறகு துணியை அலசித் தொங்கவிட்டால் 'சுத்தம், நம்பிப் போடலாம்' என்று பொருள். துடைக்காமலே அதைத் தொங்கவிட்டவன் நான். நான் தொங்கவிட்டதை யாரும் பார்க்கவில்லை. கூடையோடு நழுவியிருக்கலாம், ஒன்பது மணிப் பேருந்தும் கிடைத்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான்தாங்க. என் துண்டுச் சாயம்" என்றேன்.

ஏச்சுக்குக் காத்திருந்தேன். "போர்டு வெக்காதது என் தப்புங்க. இங்க வர்றவங்களுக்கெல்லாம் தெரியுமுன்னு இருந்துட்டேன்" என்றார் மல்லிகா. பிறகு செல்வராஜுவிடம், "சூடு மட்டும் காட்டிப்புடாதீங்கண்ணா. காஞ்சா சாயம் புடிச்சுக்கும். ஈரத்தோடவே மறுபடி போடோணும்" என்றார்.

மற்ற இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ரிக் வண்டிக்காரரின் பேண்ட் அப்போதுதான் துவைத்து முடிந்து காலியாகியிருந்தது; அடுத்த முறையும் அவருடையதுதான். அவர் தன் பையைத் தூக்கி பெஞ்சில் வைத்தார். "நீங்க போடுங்க. திருவிழா நாளைக்குத்தான்" என்றார். மல்லிகா ஏதோ தூள் கொண்டுவந்து கரைத்து ஊற்றினார்.

அந்த நேரத்தில் நான் முதல் இயந்திரத்தில் வெறும் தண்ணீர் ஓட்டினேன். துடைத்தேன்; துணியில் சிவப்பு. மறுபடி ஓட்டினேன்.

9.50. சட்டையும் வேட்டியும் உலர்ந்து வந்தன. வெள்ளை. கழுத்துப் பட்டையின் தையலோரம் மட்டும் ரோஜா நிறம் மிச்சம். நான் தலை குனிந்து நின்றேன். செல்வராஜு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேல துண்டு போட்டா மறைஞ்சுருமுங்க. உங்க துண்ட மட்டும் குடுத்துறாதீங்க" என்றார். அனைவரும் சிரித்தார்கள். சேந்தமங்கலத்திலிருந்து மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்க, புது மாப்பிள்ளை மாதிரி ஏறிப் போனார். பதினொரு கிலோமீட்டர், நேரம் இருக்கிறது.

சென்னையில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியிலும் ஒரு பொதுத் துவைக்கும் இயந்திரம் உண்டு. அதற்கு நான்கு அறிவிப்புத் தாள்கள், ஒரு கேமரா, ஒரு பூட்டு. அப்படியும் மாதம் ஒரு சண்டை. இங்கே இருப்பது ஒரு முழம் துணி.

10.15. மூன்றாம் முறை துடைத்தேன். வெள்ளையாகவே வந்தது. அலசிப் பிழிந்து கைப்பிடியில் தொங்கவிட்டு ஒதுங்கினேன். ரிக் வண்டிக்காரர் எழுந்து வந்தார். அவர் பையில் திருவிழாவுக்கு உடுத்த நான்கு வெள்ளை வேட்டிகள். உள்ளே எட்டிப் பார்ப்பார், விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார் என்று நினைத்தேன். காலையில் நடந்ததை முழுதும் பார்த்தவர்.

தொங்கிய துணியைப் பார்த்தார். எடுத்து மேலே வைத்தார். நான்கு வேட்டிகளையும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்.