பிரான்சில் ரங்கநாயகி போட்ட கையெழுத்து

கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் நடத்தும் ரங்கநாயகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். கணவர் சீனிவாசலுவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே பயம் வந்துவிட்டது. சாவியை ரங்கநாயகி வாங்கிக்கொண்டாள். ஒரே வருடத்தில் அவிநாசி ரோட்டு லாரிகளுக்கு நடுவில் அசராமல் புகுந்து வருமளவுக்குத் தேறிவிட்டாள்.

மகள் அக்ஷிதாவுக்கு பிரான்சில், துலூஸ் நகரத்தில் வேலை. போன கோடையில் அவளைப் பார்க்கப் புறப்படும் முன்பே ரங்கநாயகி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அங்கே வாடகைக் கார் எடுத்தார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், ஓடுவது வலப்பக்கம். முதல் இரண்டு நாள் தடுமாறினாள், அப்புறம் கை பழகிவிட்டது.

மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கூடவே வந்திருந்த கணவரும் அவளும் பக்கத்து ஊரைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பினார்கள். ஊருக்குள் நுழைந்ததும், நாயோடு ரோட்டைக் கடக்க ஓர் அம்மாள் நிற்க, ரங்கநாயகி வண்டியை நிறுத்தினாள். அடுத்த நொடி பின்னாலிருந்து ‘டமார்’ என்று ஓர் இடி.

திரும்பிப் பார்த்தால், சீனிவாசலு நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார்.

“ஏனுங்க… ஏனுங்க! நெஞ்சு வலிக்குதுங்களா?”

தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு உயிரே போய்விட்டது. மெல்லக் கண்ணைத் திறந்தவர் மடியைப் பார்த்தார். “புளிசோறு பூராவும் கொட்டிப்போச்சு அம்மணி.”

போன உயிர் திரும்பி வந்தது.

பின்னால் இடித்த வண்டியிலிருந்து எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். “பர்தோன், பர்தோன்” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பானெட் மேல், விபத்து நடந்த விதத்தை இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடும் இன்சூரன்ஸ் படிவம் ஒன்றை விரித்தார். இவளுடைய வண்டிக்கு ஒரு பக்கம், அவருடையதற்கு ஒரு பக்கம். இவளுடைய காகிதங்களைப் பார்த்து எழுதி, சில கட்டங்களில் குறி போட்டு, பேனாவை நீட்டினார்.

“பெரிய மனுசன் மன்னிப்புக் கேக்கறாரு. போட்டுக் குடு, போலாம்” என்றார் சீனிவாசலு.

“என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எப்படிங்க போடறது?” என்றவள், படிவத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“அம்மா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“இல்ல கண்ணு.”

“நல்லவேளை! ‘பின்னாடி இடிச்ச வண்டி’ங்கற கட்டத்துல உங்க பக்கம் டிக் இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா இன்சூரன்ஸ்ல அதுதான் கணக்கு. அப்புறம் மாத்தறது கஷ்டம்.”

ரங்கநாயகிக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. வேற்றூர்க்காரி என்று ஏமாற்றப் பார்க்கிறாரா? போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினாள். அக்ஷிதா பிரெஞ்சில் பேசப் பேச, அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். நெற்றியில் அறைந்துகொண்டு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“பதட்டத்துல பக்கம் மாறிப்போச்சாம், அம்மா. வேணும்னு செய்யலைன்னு கெஞ்சறாரு.”

அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வடிந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். தப்பான படிவத்தை அவரே கிழித்தார். வாடகைக் காரின் டேஷ்போர்டுக்குள் புதுசு ஒன்று இருந்தது. இந்த முறை அக்ஷிதா போனிலேயே ஒவ்வொரு வரியாகச் சொல்ல, இருவரும் நிதானமாக நிரப்பினார்கள். காயம் யாருக்கும் இல்லை. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கார்களை வரைந்து, எது நின்றது, எது இடித்தது என்று குறித்தார்கள். நாயோடு வந்த அம்மாள் சாட்சியாகத் தன் பெயரையும் முகவரியையும் கொடுத்தாள். மறுபடியும் படம் அனுப்பி, மகள் “போடுங்கம்மா” என்ற பிறகே ரங்கநாயகி தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஆளுக்கொரு நகல். கிளம்பும்போது பெரியவர் அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

இடிபட்ட வண்டியை வாடகைக் கார் ஆபீஸுக்கே ஓட்டிப் போனார்கள். அங்கே இருந்த பெண் நகலைப் படித்துவிட்டு, உங்கள் மேல் தப்பில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி வேறு காரின் சாவியைக் கொடுத்தாள். அதை வாங்கிய பிறகுதான் ரங்கநாயகிக்கு நடந்ததெல்லாம் உறைத்தது.

“கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாங்களா?”

“உக்காரு அம்மணி. என்ன அவசரம்?”

வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவர் சிரித்தார், அவளுக்கும் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் எழுந்து போய், சீட்டையும் கண்ணாடிகளையும் தன் வாகுக்குத் திருப்பிக்கொண்டு, மகள் வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.