நாரிஸ் ஆக்டனின் கடுகடுத்த முகம்

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் பெர்னி லம்மைப் பிடிக்காத ஒரே ஆள் அவனுடைய பழைய கூட்டாளி நாரிஸ் ஆக்டன்தான்.

இருவரும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். சாப்பாட்டு இடைவேளையில் மேஸ்திரியைப் போல நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்ததில் ஆரம்பித்து, தொழிலாளர் கிளப்புகளில் சனிக்கிழமை மேடை, கோடையில் மோர்கம் கடற்கரை அரங்கு என்று வளர்ந்தார்கள். சிரிக்க வைப்பவன் நாரிஸ். உளறுவான், நாற்காலியோடு கவிழ்வான், கால்சட்டை நழுவ ஓடுவான். பெர்னியின் வேலை பக்கத்தில் விறைப்பாக நின்று கேள்வி கேட்பது மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் நாரிஸின் முதுகில் தட்டிப் பீர் வாங்கிக் கொடுப்பார்கள். பெர்னி கோட்டுகளை மடித்துப் பெட்டியில் வைப்பான்.

ஒருநாள் மான்செஸ்டரிலிருந்து ஒரு டிவி தயாரிப்பாளர் வந்து கிளப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விஷயம் தெரிந்து நாரிஸ் அன்று வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தான். ஆட்டம் முடிந்து உள்ளே வந்தவர் அவன் கையைக் குலுக்கிவிட்டுப் பெர்னியின் பக்கம் திரும்பினார்.

"உங்க மூஞ்சி டிவிக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கு."

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றான் பெர்னி.

"இவரு மேடைக்குச் சரி. அங்க கேமரா மூக்குக்கு நேரா நிக்கும். அதுக்கு இவ்வளவு வேண்டாம்."

கொஞ்சநாள் தயங்கிவிட்டுப் பெர்னி போனான். பஸ் டிப்போ ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடரில் அவன் டிக்கெட் இன்ஸ்பெக்டர். யார் என்ன கேட்டாலும் தொப்பியைக் கழற்றுவான், பதில் உள்ளே எழுதியிருப்பதுபோல அதற்குள் பார்ப்பான், மறுபடி மாட்டிக்கொண்டு "முடியாது" என்பான். அவ்வளவுதான். அதற்கே நாடு சிரித்தது.

முதல் பகுதி வந்த அன்று நாரிஸ் மடியில் மீனும் சிப்ஸும் வைத்துக்கொண்டு மனைவி டோரீனோடு பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பி கழன்றதும் அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அது எங்கப்பா."

"எது?"

"தொப்பிக்குள்ள பார்க்கறது. எங்கப்பா பஸ்ஸுல கண்டக்டரா இருந்தப்ப அப்படித்தான் செய்வாரு. பெர்னி திருட்டுப் பய."

"ஏன், உங்கப்பா லைசென்ஸ் வாங்கி வெச்சிருந்தாரா? சிப்ஸ் ஆறுது, சாப்பிடு."

மறுநாள் மதியம் நாரிஸ் அப்பாவைத் தேடிப் போனான். தன் சொத்து களவு போனது தெரிந்தால் கிழவர் கொதித்துப்போவார் என்று நினைத்தான். ஈனாக் ஆக்டன் கிளப் பாரில் எழுந்து நின்று, தன் பழைய கண்டக்டர் தொப்பியைக் கழற்றி மாட்டிக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து டிவில வந்தது யாரு? நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நெஞ்சுச் சளியோடு வரும் கரகரப்பான சிரிப்பு.

நாரிஸ் அவரை ஓரமாக அழைத்தான். "அப்பா, உங்ககிட்ட கேட்காம எடுத்துட்டான்."

"யாரு சொன்னது? வீட்டுக்கு வந்து கேட்டான்டா. டீ குடிச்சுக்கிட்டு முழுசா ஒரு சாயங்காலம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். நீ என்னைக்காவது என்னை உத்துப் பார்த்திருக்கியா?"

நாரிஸின் ஆட்டத்துக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஊரே பெர்னிக்குச் சிரிக்கட்டும், பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவும் சிரித்ததைத்தான் நாரிஸால் தாங்க முடியவில்லை.

தனியாக மேடை ஏறிப் பார்த்தான். விழுந்தான், யாரும் சிரிக்கவில்லை. விறைப்பாக நிற்கும் ஒருவன் பக்கத்தில் இல்லாமல், அவன் விழுவது வெறும் குடிகாரன் விழுவது போலிருந்தது. அடுத்து வரும் பிங்கோ சூதாட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். வியாழக்கிழமை தொடர் வரும் நேரத்தில் அவன் கொல்லையில் போய் நின்றுகொள்வான். வரிசை வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு கேட்கும்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தொடரிலேயே ஒரு சின்ன வேடத்துக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. டிக்கெட் எடுக்காத பயணி.

"பிச்சை போடறான்" என்றான் நாரிஸ்.

"போட்டா வாங்கிட்டு வா. வீட்டுல உக்காந்து கர்ட்டனை முறைக்கறதுக்கு அது மேல்" என்றாள் டோரீன்.

படப்பிடிப்பு பார்வையாளர்கள் முன்னால். ஈனாக் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். காட்சியைப் பெர்னியிடமிருந்து பிடுங்கிவிடுவது என்று நாரிஸ் முடிவுசெய்திருந்தான். பெர்னி தொப்பியைக் கழற்றியதும் அதைப் பறித்தான், தன் தலையில் மாட்டினான், சீட்டிலிருந்து உருண்டு விழுந்தான். கூட்டம் சிரித்தது. இயக்குநர் கீழே இறங்கி வந்தார்.

"நல்லா இருந்தது நாரிஸ். ஆனா இங்க வேண்டாம். எழுதினதை மட்டும் சொல்லுங்க, போதும்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். நாரிஸ் அப்பாவைப் பார்த்தான். அவர் பெர்னியின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி எடுத்தார்கள். நாரிஸுக்கு எதுவும் செய்யத் தெம்பில்லை. சீட்டில் சரிந்து உட்கார்ந்து, கழன்று இறங்கும் அந்தத் தொப்பியையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தான். கொல்லையில் நின்ற வியாழக்கிழமைகள் எல்லாம் முகத்தில் வந்து நின்றன.

"டிக்கெட்" என்றான் பெர்னி.

"எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்குத்தான் குடுக்கலை."

எழுதியிருந்த வசனம்தான் அது. எங்கோ ஓரத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, வரிசை வரிசையாகப் பரவியது. அதற்கு நடுவே சளி கரகரக்கும் ஒரு சிரிப்பு நாரிஸுக்குத் தனியாகக் கேட்டது. மேடையில் ஒருநாளும் அசையாத பெர்னியின் உதடு அடக்கிய சிரிப்பில் துடித்தது. அவன் கேமராவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு கேன்டீனில் பெர்னி டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நடிச்சியா?"

"இல்ல."

"தெரியும். கிளப்புல இருந்த அத்தனை வருஷமும் அதே மூஞ்சியோடதான் நான் உன் பக்கத்துல நின்னேன். நீ திரும்பியே பாக்கலை."

இதைக் கேட்டு நாரிஸின் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இதையும் இவன் தன்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டானே என்றுதான் எரிந்தது.

ரயிலில் திரும்பும்போது ஈனாக் சொன்னார்: "நல்லா செஞ்சடா. பெர்னிதான் தொப்பியைக் கொஞ்சம் அவசரமா எடுத்துட்டான்."

அந்த முகத்துக்கு வேலை வந்தது. கறாரான வீட்டுக்காரர், ஜப்தி செய்ய வருகிறவர், சவப்பெட்டிக் கடைக்காரர், மாப்பிள்ளையின் கடுகடுப்பான அண்ணன். கதாநாயகன் கதவைத் தட்டினால் திறப்பது நாரிஸாக இருக்கும். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் பெண்கள் நிறுத்தி, "எங்க வீட்டு கேஸ் அடுப்பைப் பார்க்க வந்தீங்களே, அவருதானே?" என்பார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வராது.

பெர்னியின் தொடர் நின்றுபோனது. அதன்பின் எந்த வேடம் போட்டாலும் ஜனங்களுக்கு அவன் இன்ஸ்பெக்டராகவே தெரிந்தான். மெல்ல மெல்ல அழைப்புகள் குறைந்தன.

நாரிஸ் டிவியில் வந்துவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் பெர்னியிடமிருந்து போன் வரும். சவப்பெட்டிக் கடைக்காரன் அப்படி இருமமாட்டான், அந்தக் கோட்டு உனக்குப் பெரிசு என்று ஏதாவது ஒரு குறை சொல்லுவான்.

"போனை எடுக்கலையா? பெர்னியாத்தான் இருக்கும்" என்பாள் டோரீன்.

"இருக்கட்டும். கொஞ்சம் அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாரிஸ் டீக்கு நிதானமாகப் பால் ஊற்றுவான்.