சுவருக்கு அப்பால் கேட்ட சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஞாயிறும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த ஒரு நாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் எங்கள் வாடகை வீடு. பௌர்ணமி என்றால் தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போகணும், போனுக்குச் சார்ஜ் போடணும் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தவரை கொடுப்போம். மதியத்துக்கு மேல் கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது எங்கள் தெருப் பழக்கம். அப்புறம் யார் தட்டினாலும் எழுந்து போவதில்லை.

அன்று மலை சுற்றுவதற்காகப் போளூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். வெயில் தாழட்டும் என்று டிவியைப் போட்டோம். ஏதோ பழைய ஆங்கிலப் பேய் நாவலைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் திரை, மெழுகுவத்தி, கையில் தாளோடு நாலு நடிகர்கள், அவ்வளவுதான். குரலை வைத்தே நடுங்க வைத்தார்கள். எனக்குப் பேய்க்கதை என்றால் உயிர், பயமும் ஜாஸ்தி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம் என்ற மகா யோசனையும் என்னுடையதுதான்.

கதையில் புதுப்பெண் ஒருத்தி பெரிய மாளிகையில் தனியாக இருக்கிறாள். பூட்டிக் கிடக்கும் அறைக்குள்ளிருந்து யாரோ சுவரைத் தட்டுகிறார்கள். டொக்... டொக்...

"சவுண்ட கம்மி பண்ணுங்க அண்ணி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றாள் நாத்தனார். அதற்குள் ஊறுகாய் விளம்பரம் வந்துவிட்டது. தட்டல் மட்டும் நிற்கவில்லை.

"தண்ணிக்கு யாராச்சும் கேட்டத் தட்டுவாங்க, விடுங்க" என்றாள் அவளே.

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் இரும்புக் கேட் அப்படிச் சத்தம் போடாது. டிவியை அணைத்தேன். டிவி மாட்டியிருந்த சுவரிலிருந்தே வந்தது, விட்டு விட்டு. நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றாள். அடுத்த தட்டலோடு ஒரு முனகல் கேட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் பக்கம் இருப்பது அடுத்த போர்ஷனின் பாத்ரூம். குடியிருப்பவள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் கணவர் பௌர்ணமி பந்தோபஸ்து டியூட்டிக்குப் போயிருந்தார்.

ஓடினேன். வாசல் கதவு உள்பக்கம் தாழ். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினேன். மலை சுற்றிக்கொண்டிருந்த நாலு பேர், ஈர வேட்டியும் வெறுங்காலுமாக உள்ளே வந்தார்கள். ஒருவர் தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடந்தவள் கையில் பிளாஸ்டிக் மக்கு. சுவரைத் தட்டியது அதை வைத்துத்தான். நாத்தனார் துண்டைப் போர்த்திவிட்டாள். தரையில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், கூட்டத்தில் உள்ளே வர முடியவில்லை, செங்கம் ரோட்டில் நிற்கிறோம் என்றார்கள். நாலு பேரும் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். செங்கம் ரோடு என்றால் அவர்கள் நடந்து வந்த வழியே திரும்ப வேண்டும். கிரிவலத்தில் யாரும் எதிர்த்திசையில் போகமாட்டார்கள். "உங்க கிரிவலம் பாதியில நிக்குதேங்க" என்றேன்.

"மலை எங்கயும் போயிடாதும்மா. மொதல்ல இந்தப் பொண்ணப் பாப்போம்" என்றார் அவர்களில் வயதானவர்.

"வழி விடுங்க, புள்ளத்தாச்சி" என்று ஒருவர் முன்னால் கத்திக்கொண்டே போக, எதிரே வந்த அத்தனை கூட்டமும் ஒதுங்கியது. நானும் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் அவள் என் விரலை விடவே இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றே பெண் குழந்தை பிறந்தது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பதற்றத்தில் அந்த நாலு பேரிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போதும் மலை சுற்றப் போனால், கும்பிடக் கையெடுக்கும்போது அண்ணாமலையாருக்கு முன்னால் அவர்கள் முகம்தான் வந்து நிற்கிறது. அதற்காக அவர் என்னைக் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.