ஆறு அறைகள், ஓர் ஓடை

அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ். மேல்தட்டில் சின்னக் குப்பிகளில் எலிகளின் இரத்தம். அடுத்த தட்டில் ஓடைத் தண்ணீர் பாட்டில்கள், அதற்கும் கீழே என் மண் பொட்டலங்கள், அடியில் ஈரத்துணியில் சுற்றிய இலைகள். ஒவ்வொரு தட்டிலும் ‘தொடாதீர்கள்’ என்று இந்தியில் எழுதி ஒட்டியிருக்கும். அடுத்தவர் தட்டில் கை பட்டால் சண்டை வரும். எல்லாத் தட்டையும் தொட அனுமதி இருந்தது ஒருவருக்குத்தான். கரண்ட் போனால் ரங்கத் பஜாரில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்து, எங்கள் எல்லோருடைய ஆராய்ச்சியையும் கெடாமல் காப்பாற்றியவர் அவர். நாங்கள் அவரை ஃபீல்டு அண்ணன் என்று கூப்பிடுவோம்.

அந்தமானில், ரங்கத் பஜாரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த பழைய கட்டடம் அது. ஆறு அறைகளை ஆறு ஆராய்ச்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பூகம்பத்தில் நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளந்தார். ஒருவர் பவளப்பாறை, ஒருவர் குகைப் பறவைகள், ஒருவர் மரங்கள். என் பக்கத்து அறைப் பெண் எலிக்காய்ச்சலைப் பற்றிப் படித்தாள். நான், கடல்நீர் ஏறிப்போன வயல்களின் மண்ணை. இரண்டு வருடம் ஒரே நடைவழியில் செருப்புகளைக் கழற்றிப் போட்டிருக்கிறோம். அடுத்தவர் என்ன கண்டுபிடித்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரவர் துறை அவரவருக்கு ஒரு நாடு மாதிரி. எல்லை தாண்டுவது நாகரிகம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு எங்கள் துறைகளின் பெயர்கள் வாயில் நுழையாது. பூகம்பக்காரர் ‘குலுக்கல் சார்’, பக்கத்து அறைக்காரி ‘எலி மேடம்’, நான் ‘மண்ணு மேடம்’. வெளியே யாரும் இல்லாத இடத்தில் மட்டும் என்னைத் தங்கச்சி என்பார். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பெற்றோருடன் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமியில் அந்தப் பெற்றோரை இழந்து, மனைவியோடு ரங்கத்துக்கு வந்து சேர்ந்தவர். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எங்களைப் பற்றித்தான் பேசுவார். “ஆறு ரூமு, ஆறு தாலா போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க. மழ பேஞ்சா மட்டும் ஆறும் ஒண்ணா ஒழுகுது” என்று சொல்லிச் சிரித்தபடி வாளிகளை எடுத்து வைப்பார்.

அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. சென்னையில் இருந்த என் வழிகாட்டி, முதல் மழைக்குப் பிந்திய மண் வேண்டும், இந்தக் கப்பலை விட்டால் ஆய்வகத்தில் இடம் கிடைக்காது என்று தினமும் போன் செய்தார். பத்து நாள் அண்ணனும் நானும் ஓடையோரத்து வயல்களில் மண் எடுத்தோம். கம்பூட்ஸ் ஒரே ஜோடி, அதுவும் என் அளவு. அவர் வெறுங்காலோடு முழங்கால் ஆழத்தில் இறங்கிக் குழாயைச் சேற்றில் அழுத்துவார். நான் வரப்பில் நின்று எண் எழுதுவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடைந்த சிப்பி ஒன்று அவர் குதிகாலைக் கிழித்தது. பழைய துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அவர் சொன்னதை இன்றும் எழுத்துப் பிசகாமல் என்னால் சொல்ல முடியும்.

“தங்கச்சி, எலி மேடம் மத்த நாலா தண்ணிக்கெல்லாம் வெள்ள மூடி போட்டு வெச்சிருக்கு. இந்த நாலாவுக்கு மட்டும் செவப்பு மூடி. ஏதோ கராப் போலருக்கு. என்னான்னு ஒரு வார்த்த கேக்கலாமா?”

கராப் என்றால் கெட்டது, நாலா என்றால் ஓடை. நாங்கள் கால் நனைத்துக்கொண்டிருந்த அதே ஓடை.

“அது அவங்க வேலண்ணே. நமக்கெதுக்கு? கப்பலுக்கு எட்டு நாள்கூட இல்ல.”

“டீக் ஹை” என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அந்த ஓடையில்தான் கழுவினார்.

புறப்படும் நாள் காலையில் மண் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தார். கடைசிப் பெட்டியை வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. கொதித்தது. “காய்ச்சலாண்ணே?” என்றேன். “மழக் காய்ச்சல்தான். மெடிக்கல்ல மாத்திர வாங்கிட்டேன். நீங்க பெட்டியப் பாத்துக்கங்க, குலுங்கிறப் போவுது” என்றார். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

போர்ட் பிளேரில் கப்பல் ஏறினேன். நடுக்கடலில் போன் கிடையாது. மூன்று நாள் நான் வாந்தி எடுத்துக்கொண்டும் பெட்டிகளுக்குக் காவல் இருந்துகொண்டும் கிடந்த நேரத்தில், அவருடைய கண்கள் மஞ்சளாகியிருக்கின்றன. சிறுநீர் நின்றிருக்கிறது. ஜீப்பில் போட்டுக்கொண்டு போர்ட் பிளேருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சாலையில் காட்டுப்பகுதிக்குள் நினைத்த நேரத்துக்குப் போக முடியாது, வண்டிகளைச் சேர்த்து நேரம் வைத்துத்தான் விடுவார்கள். நடுவே கழிமுகத்தைப் படகில் கடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயிருந்தன. சென்னைத் துறைமுகத்தில் போனைப் போட்டதும் பறவை ஆராய்ச்சிக்காரரின் குறுஞ்செய்தி வந்தது. “நம் அண்ணன் போய்விட்டார்.” என் காலடியில் அவர் எடுத்த மண், பொட்டலம் பொட்டலமாக, ஒன்றுகூட உடையாமல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ரங்கத்துக்குத் திரும்பினேன். விடுப்பில் ஊருக்குப் போயிருந்த பக்கத்து அறைக்காரியும் வந்திருந்தாள். தன் அறையைத் திறந்து நோட்டைக் காட்டினாள். சிவப்பு மூடி என்றால் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி சோதித்து உறுதி செய்யும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று அவளுடைய வழிகாட்டி சொல்லியிருந்தாராம். காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் தெரிந்திருந்தால் சாதாரண மாத்திரைகளே போதும், பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள் என்றாள். பிறகு அழுதாள். “நீ ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ப்பா. பக்கத்து ரூம்தான?”

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

நான் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். இப்போது போர்ட் பிளேரில் பாடம் எடுக்கிறேன். குட்வில் எஸ்டேட்டில் குடியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரியின் எலிக்காய்ச்சல் கட்டுரை போன மழைக்காலத்தில்தான் வெளியானது. அதைப் பார்த்துவிட்டு அந்த ஓடைப் பக்கத்து ஊர்களுக்கு மழைக்கு முன்னால் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல கட்டுரை. யாரையும் காப்பாற்றாத கட்டுரை என்று சொல்ல மாட்டேன். அதில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து எடுத்த நோயாளிகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது. வயதையும் மாதத்தையும் வைத்து அவருடைய வரியைக் கண்டுபிடித்தேன். ஆண். தொழில்: விவசாயக் கூலி. முடிவு: மரணம்.

கட்டுரையை எடுத்துக்கொண்டு ரங்கத்தில் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். சிவப்பு மூடியைப் பற்றி அவர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், கையில் பட்ட சூட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் முறம் நிற்கவில்லை.

“அன்னைக்கு ராவே எங்கிட்ட சொன்னாருங்க. அந்தத் தண்ணி சரியில்ல, எறங்கவே பயமாருக்குன்னாரு. அப்ப போவாதீங்கன்னேன். தங்கச்சிக்குக் கப்பல் போயிரும்னாரு.”

கையிலிருந்த கட்டுரையை மடித்தேன். அக்கா அதைப் பார்த்து, “அதுல அவருக்கு என்னா வேலன்னு போட்டிருக்கு?” என்று கேட்டார். படித்துச் சொன்னேன். முறம் நின்றது.

“எங்களுக்கு வயலே கெடையாதே. கூலிக்கும் ஒருநாளு வயல் வேலைக்கு எறங்குனதில்ல. அவரு ஆராய்ச்சி வேலையில இல்ல இருந்தாரு? ஆறு ரூமு சாவியும் அவருகிட்டதான இருந்திச்சு? மாத்தி எழுதச் சொல்லுங்க.”

ஊர் திரும்பியதும் கட்டுரை வந்த இதழுக்கு எழுதினேன். என் மண்ணை எடுக்கத்தான் அவர் அந்த ஓடையில் இறங்கினார் என்பதையும் எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. தொழிலுக்கு அவர்களிடம் இருப்பது ஐந்து வகைதானாம். ஆராய்ச்சி உதவியாளர் என்று ஒரு வகை இல்லையாம். நான் விரும்பினால் ‘மற்றவை’ என்று திருத்தம் போடலாம் என்கிறார்கள்.

இன்னும் பதில் எழுதவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நானாக முடிவு செய்யப் போவதில்லை. அக்காவைக் கேட்க வேண்டும்.