சொல்லுக்குச் சொல்

எர்மினா சால்திபூஸ் முதல் சில வருடங்கள் மேனிலை வகுப்புக்கு இலக்கியம் நடத்திய விதமே வேறு. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் கிழக்குக் கரையில், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிப்போன பள்ளி அது. நாடகம் என்றால் பிள்ளைகளையே பாத்திரங்களாக்கி வாசிக்கவிட்டு, நடுவில் சண்டையும் மூட்டிவிடுவாள்.

"அந்தப் பொம்பள புருஷனை விட்டுப் போனது சரிதான்" என்று ஒருத்தி சொல்ல, "உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டீ!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்துவான். மணி அடித்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

ஆனால் ஆகஸ்டில் பொதுத்தேர்வு முடிவு வரும்போது பாதிப் பேர் தேறியிருக்கமாட்டார்கள். தலைமையாசிரியர் ஹிப்பொலித் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க நல்லாத்தான் பேசுதுங்க, மிஸ். பேச்சுக்கு யாரு மார்க் போடுறா?"

அது அவளைத் தைத்தது. மறு ஜூலையில், தேர்வு வாரியம் இருக்கும் பார்படோஸ் தீவுக்கு விடைத்தாள் திருத்தப் போனாள். ஒரே மேசையில் திருத்த உட்கார்ந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே விடைத்தாளின் நகலைக் கொடுத்தார்கள். போடும் மதிப்பெண் மேசைத் தலைவி போட்டதோடு ஒத்துவரும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. யாரோ ஒரு பிள்ளை, ஒரு கவிதையைப் பற்றித் தட்டுத்தடுமாறி, ஆனால் படிப்பவர் மனம் கரையும்படி எழுதியிருந்தது. எர்மினா இருபத்தைந்துக்குப் பத்தொன்பது போட்டாள். மேசைத் தலைவி போட்டது பதினொன்று.

"உவமையைப் பத்தி எங்க சொல்லியிருக்கு? தொனி எங்க? காட்டுங்க."

"கவிதை அதுக்குப் புரிஞ்சிருக்கேம்மா."

"புரிஞ்சதுக்கு மதிப்பெண் பட்டியல்ல கட்டம் இல்லீங்க."

எர்மினா தன் எண்ணை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள்.

ஊர் திரும்பியதும் சண்டைகளை நிறுத்தினாள். எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்துகிற முன்னுரை, நடுப்பத்திகள், முடிவுரை என்று தானே எழுதிக் கரும்பலகையில் போட்டாள். பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள்.

"அப்ப நாடகத்தைப் படிக்க வேணாமா, மிஸ்?" என்றான் ஒரு குறும்பன்.

"நேரம் இருந்தா படி."

அவன் விளையாட்டாகக் கேட்டான். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் எல்லோரும் தேறினார்கள். ஹிப்பொலித் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்.

நான்காம் வருடம் முடிவே வரவில்லை. பதினோரு பேரின் கட்டுரை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதாகவும், காப்பி அடித்திருக்கலாம் என்று விசாரிப்பதாகவும் தேர்வு வாரியம் தெரிவித்தது. பெற்றோர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "எம் பிள்ளையைத் திருடன்னு சொல்ல வெச்சுட்டியே!" என்று ஒரு தாய் எர்மினாவின் முகத்துக்கு நேரே கத்தினாள்.

எர்மினா விசாரணைக்குப் போனாள். "எழுதினது அவங்க, வாக்கியம் என்னோடது" என்றாள். பிள்ளைகள் மேலிருந்த பழி போயிற்று. ஆனால் கட்டுரைக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை, அதற்குள் கல்லூரிகள் திறந்து அக்டோபரும் ஆகிவிட்டது. வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஜோனெல் ஃபெவ்ரியேவுக்கு ஜமைக்காவில் சட்டம் படிக்கக் கிடைத்திருந்த இடம் கைநழுவியது.

அடுத்த வருடம் இலக்கியம் படிக்க இரண்டே பேர் வந்தார்கள். பள்ளி அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. எர்மினா சின்ன வகுப்புகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

ஒருநாள் வடக்கே தங்கை வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில், ஓட்டல் சலவைக்கூடத்துச் சீருடையில் ஜோனெல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோப்புக் காரத்தில் கை வெளுத்து உரிந்திருந்தது.

"எம்மேல கோவமா ஜோனெல்?"

"கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, மிஸ்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "பரீட்சை ஹால்ல எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. நல்லாவே இருந்துச்சு. ஒரு பக்கம் எழுதிட்டேன். அப்புறம் பயந்துபோய் அடிச்சுட்டு உங்களோடத எழுதினேன்."

"என்ன தோணுச்சு?"

ஜோனெல் யோசித்துப் பார்த்தாள்.

"இப்ப ஞாபகம் வரல, மிஸ்."

ஓட்டல் திருப்பம் வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் இறங்கி ஓடினாள்.